வயர்லெஸ் பேசாத காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஜீப்பும் நலம், மூவரில் இருமல் இருப்பது ஜீப்புக்கு மட்டும்தான். நீயும் மாப்பிள்ளையும் இருமல்கூட இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போன தடவை பேசியபோது உன் குரல் கட்டியிருந்தது, வெந்நீர் குடி, ஈரத் தலையோடு படுக்காதே. சரணாலயத்தின் கிழக்கு வாசல் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் அம்மா நடுவில் புகுந்து என் மானத்தை வாங்குவாள், அதனால்தான் கடிதம்.

ரேஞ்சர் கறாராகச் சொன்னது உனக்குத் தெரியும். ஒரு டிரைவர் சிறுத்தையைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொன்னால் போதும், காட்டிலுள்ள ஜீப் எல்லாம் அங்கே போய் மொய்க்கும், அதுதான் இத்தனை வருடப் பழக்கம். இந்தப் பருவமும் அப்படியே நடந்தால் வாசலை அடைத்துவிடுவேன் என்றார். வாசல் அடைபட்டால் நம் விடுதியின் ஆறு அறைக்கும் பூட்டுதான். டிரைவர்கள் எல்லாரும் நம் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். நம் ஜீப்பை ஓட்டுகிறவள் என்ற முறையில் உன் அம்மாதான் எழுந்து, இனிமே எதைப் பார்த்தாலும் வயர்லெஸ்ல சொல்லக் கூடாது, பக்கத்துல விலங்கு இருந்தா இன்ஜினையும் வயர்லெஸ்ஸையும் அணைச்சிடணும், அதுங்க நம்மைப் பார்த்துப் பயந்து வேற பக்கம் போயிட்டா நாம யாரைக் காட்ட ஜீப் ஓட்டுறது என்று கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் பட்ட பாட்டைக் கேட்காதே. வந்து தங்கியவர்கள் சாணத்தையும் கால்தடத்தையும் பார்த்துவிட்டு உர்ரென்று சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒருவர், வாசலில் சிறுத்தைப் படத்தை மாட்டிவிட்டு மரங்கொத்தியைக் காட்டி அனுப்புகிறீர்களே என்று கேட்டார், படத்தைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் வைத்துவிட்டேன். உன் அம்மா அசரவில்லை. மான் எதற்குக் கத்துகிறது, குரங்கு ஏன் திடீரென்று வாயை மூடுகிறது என்று ஜீப்பிலேயே பாடம் எடுத்தாள். மெல்ல மெல்ல அவர்களுக்கும் அது பிடித்துப்போனது, ஒரு தம்பதி அந்த மரங்கொத்திக் கூட்டுக்காகவே கூடுதலாக இரண்டு நாள் தங்கினார்கள். நீ சொன்னபடி பிளாஸ்டிக் பாட்டிலையும் நிறுத்தியாயிற்று, துணி துவைக்கிற தண்ணீர் இப்போது ஓடைக்குப் போவதில்லை, தோட்டத்துக்குத்தான்.

இனி என் கதை. போன வாரம் ஒரு காலை, நாலு பேரோடு போன உன் அம்மா சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. முட்டை ஆறுகிறது, ரொட்டி விறைக்கிறது. சமையலறை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன், கப்சிப். முந்தின நாள் மழை, ஓடையோரப் பாதை வழுக்கும் என்பது உனக்கே தெரியும். அணைத்து வைக்கிற விதி எனக்குத் தெரியாதா என்ன, அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. ஜீப் கவிழ்ந்தேவிட்டது என்று மனசு முடிவு கட்டியது. ஓடைப் பக்கம் போங்க, அவளைக் காணோம், எல்லாரும் போங்க என்று வயர்லெஸ்ஸில் கத்திவிட்டேன். எது நடக்கக் கூடாது என்று பருவம் முழுக்கப் பாடுபட்டோமோ அதையே நான் செய்தேன். காட்டிலிருந்த அத்தனை ஜீப்பும் ஓடைப் பக்கம் திரும்பிற்று. ரேஞ்சர் வண்டியும்தான்.

அங்கே அம்மா சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாள். பாதை நடுவில் ஒரு சிறுத்தை, அதன் வாலைக் கடித்து விளையாடிக்கொண்டு இரண்டு குட்டிகள். முதலில் வந்து சேர்ந்தவர் நம் மொட்டை மாமா, எங்கேயும் முந்தியடித்துக்கொண்டு போகிறவர். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே உன் அம்மா தூக்கிய கையை வளைவிலேயே பார்த்திருக்கிறார். ஆள் பத்திரம் என்று தெரிந்ததும் அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தானும் கையைத் தூக்கினார். அடுத்து வந்தவர் அவர் கையைப் பார்த்து நிறுத்தினார், அடுத்தவர் அவரைப் பார்த்து. இப்படி வளைவு நெடுக ஜீப்புக்கு ஒரு கை. முன்னால் என்ன இருக்கிறது என்று பின்னால் இருந்த யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் ஒருத்தரும் முந்தவில்லை. குட்டிகள் ஆற அமர விளையாடிவிட்டுத் தாயோடு புதருக்குள் போன பிறகுதான் உன் அம்மா திரும்பிப் பார்த்து, என்ன இது ஊர்வலம் என்றாளாம். உன் வீட்டுக்காரர் உன்னைக் காணோம்னு காட்டையே கூட்டிட்டாரும்மா என்றாராம் மாமா.

வரிசையில் கடைசி வண்டி ரேஞ்சருடையது. சாயங்காலம் நம் கூடத்துக்கு வந்து டீ குடித்தார். எல்லாரையும் திட்டலாம்னுதான் வந்தேன், திட்ட ஒரு ஆள்கூடக் கிடைக்கலை, வாசல் திறந்தே இருக்கும் என்றார். மாமா என்னைத் தூக்கியே விட்டார், என் இடுப்பு இன்னும் வலிக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லாருக்கும் சாப்பாடு நம் வீட்டில்தான்.

கூட்டம் போன பிறகு உன் அம்மா சமையலறைக்கு வந்து, நான் பேசலைன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம் என்றாள். அது உனக்குத் தெரியும், அடுப்படியில நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் காலையில் ஆறிப்போன முட்டையை எடுத்துச் சூடுகூடப் பண்ணாமல் சாப்பிட்டாள்.

நீயும் அவள் பெண்தான். வேலையில் மூழ்கினால் போனை அணைத்துவிடுகிறாய். மூழ்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்கப் போகுமுன் ஒரு வார்த்தை மட்டும் அனுப்பிவிடு. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும். குரலைப் பார்த்துக்கொள். உன்னைக் காணோம் என்றால் அங்கே அனுப்ப என்னிடம் ஜீப் இல்லை, கண்ணு.

என்றும் அன்புடன்,
அடுப்படியிலிருந்து உன் அப்பா