ஜன்னல் கொடியில் இருந்த கூடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், அதில் பாதிதான் உண்மை, உன் நலமறிய ஆவல். வீட்டுக்குள் போனில் பேசினால் அப்பா காதில் விழும், மாடிக்குப் போய்ப் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் இதை எழுதி கூரியரில் போடுகிறேன்.

குளிர் விட்டு வசந்தம் வந்ததும் பறவைகள் பாட ஆரம்பித்துவிட்டன. வேறு வருடமாக இருந்தால் இந்நேரம் உன் அப்பா விடியுமுன் கேமராவோடு கிளம்பியிருப்பார், டீ ஆறிப்போகும், நான் கத்திக்கொண்டிருப்பேன். இந்த வருடம் கால் புண் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது. ஆனால் ஒரு சிட்டு ஜோடி ஜன்னலை ஒட்டின கொடியிலேயே கூடு கட்டியது, மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆண் சிட்டு பாடினால் என்னைத் தும்மக்கூட விடமாட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறும் என்று டாக்டர் சொன்னபோதுகூட, "கால் போனா போவுது, கண்ணும் விரலும் இருக்குல்ல, கேமராவுக்கு அது போதும்" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

குஞ்சு பொரித்ததும், இலை மறைக்கிறது, நாலே நாலு இலையைக் கிள்ளிவிடு என்றார். கத்தரிக்கோலை எடுத்துப்போய் அவர் கை காட்டின இடமெல்லாம் வெட்டினேன். வெளிச்சம் விழுந்தது, படமும் விழுந்தது. மூன்று குஞ்சும் வாயைப் பிளந்துகொண்டிருக்கிற அந்தப் படம்தான் உன் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. மறுநாள் காக்கை வந்தது. இலை இருந்தவரை அதன் கண்ணில் படாத கூடு. நான் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் மூன்றும் போய்விட்டன, அதைத் துரத்தக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்த உன் அப்பா தரையில் கிடந்தார். தாய்ச்சிட்டு புழுவைக் கவ்விக்கொண்டு அன்று முழுக்க வந்து வந்து போனது, பாவம், யாருக்கு ஊட்டும்? அதிலிருந்து அவர் கேமராவைத் தொடவில்லை, சாப்பாடும் இரண்டு வாய்தான். நீ போனில் குஞ்சுகள் பறந்துவிட்டனவா என்று ஆசையாகக் கேட்டாய், "பறந்துடுச்சும்மா" என்றாரே, போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்கிறார். "பாத்த வரைக்கும் போதும்" என்கிறார். உங்களுக்குக் குஞ்சு மட்டும்தானா, நான் இல்லையா என்று வாயில் வந்தபடி திட்டினேன். உன் தம்பி அப்பா எதிரில் வாயே திறக்கமாட்டான், பயந்தாங்கொள்ளி. மாதக் கடைசிக்கு மேல் தன் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று அந்த ஜோடி மறுபடியும் அதே கொடியில் நார் கொண்டுவந்து வைத்தது. எனக்கு மனசு கொஞ்சம் லேசாகி அவரை எழுப்பிக் காட்டினேன். ஜன்னலைச் சாத்து என்றார். சாத்திவிட்டேன். அறை பகலிலும் இருட்டாக இருக்கிறது, வெளியே அது பாடுகிறது, இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. கை கால் சுகத்தோடு நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குஞ்சுகளைப் பற்றி இனி கேட்காதே, படம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதே. "பாப்பாகிட்ட சொல்லிடாத, லீவு போட்டுட்டு ஓடி வந்துடும்" என்று உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்லிவிட்டேன். ஓடி வா.

உன் அம்மா