பெரிய ரவையா, சின்ன ரவையா?

அத்தான்,

இன்று காலை கடையில் ரவை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தூசு மணம் மூக்கில் ஏறிய நேரம் பார்த்து ஓர் அம்மா வந்து, "தங்கச்சி, ரவை இருக்கோ?" என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். பெரிசோ, சின்னனோ? வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லையெண்டால் பரவாயில்லை" என்று போகத் திரும்பினார். கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு பைகளையும் எடுத்து முன்னால் வைத்தேன். உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

சும்மா கோபம் இல்லை. ஒரு சொல்லைக்கூட எங்களுக்கு மிச்சம் வைக்காமல் போய்விட்டீர்கள் என்ற கோபம்.

முதல் தடவை கத்தியோடு இரண்டு பேர் வந்தபோது, கல்லாவைத் திறந்துவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றீர்கள். அவர்கள் போன பிறகு, "உயிர்தான் பிள்ளை முக்கியம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள். லா சப்பல் கடைத்தெரு முழுக்கத் தேடினாலும் அன்றைக்கு உங்களைப் போல ஒரு புத்திசாலி கிடைத்திருக்க மாட்டார். ஆனால் கை உயர்த்தி நின்றதை உங்களாலேயே தாங்க முடியவில்லை. பக்கத்துக் கடைக்காரர் பகிடியாக ஏதோ சொன்னாராம். அது போதுமாக இருந்தது உங்களுக்கு.

அதற்குப் பிறகு சார்செல் வீட்டில் சாப்பாட்டு மேசையே மாறிவிட்டது. அக்கா புட்டைப் போட, நீங்கள் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து வீடியோ பார்ப்பீர்கள். யாரோ ஒருவன் ஜெலட்டின் கட்டிக்குள் சுடுவான். எவ்வளவு தூரம் உள்ளே போனது, எவ்வளவு விரிந்தது என்று அளப்பான். "இஞ்சை பார் பிள்ளை, நாப்பத்தைஞ்சு பெரிசு, பாரம். ஆனா உதைக்கும், கனக்கப் போடவும் ஏலாது. ஒன்பது மில்லிமீற்றர் சின்னன், வேகம், கையுக்குள்ள நிக்கும்." குண்டின் தலை உருண்டையாக இருந்தால் ஆளைத் துளைத்து, சுவரையும் துளைத்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுமாம். தலையில் குழி இருந்தால் உள்ளே போய்ப் பூப்போல விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம். பூப்போல என்றீர்கள் அத்தான், வாயில் புட்டை வைத்துக்கொண்டு.

"ஆரைச் சுடப் போறியள்?" என்று கேட்டேன்.

"ஆரையும் இல்லை. வாறவனை நிப்பாட்டத்தான்."

"நிப்பாட்டுறதெண்டா? செத்துப்போறதோ?"

"அப்பிடி இல்லை. நிப்பாட்டுறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருந்தபோதும் இப்படித்தான், ஒருவரும் கொன்றோம் என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்குப் பதிலாக எத்தனையோ சொற்கள் வைத்திருந்தார்கள். அதிலிருந்து தப்பித்தானே இங்கே வந்தோம்? அக்கா அகப்பையை மேசையில் போட்டுவிட்டு, "சின்னனிலை வீட்டு முத்தத்திலை பொறுக்கின வெடிச்ச ரவைக் கோதுகள் உங்களுக்குக் காணாதோ?" என்று கேட்டா. நீங்கள் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

தற்காப்புக்கு என்று கேட்டால் இந்த நாட்டில் துப்பாக்கி தரமாட்டார்கள். அதனால் விளையாட்டுக்கு என்று ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்தீர்கள். பொறுமையாகப் போனீர்கள், வந்தீர்கள், அனுமதியும் எடுத்தீர்கள். வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், கிளப்புக்கு மட்டும்தான் கொண்டுபோகலாம். அந்தச் சட்டத்தை நீங்கள் ஒரு நாளும் மீறவில்லை. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஒரு நாள் நீங்கள் ஆரணிக்கு, "ரவை முடிஞ்சுது, சனிக்கிழமைக்கு வேணும், அம்மாட்டை சொல்லாதை" என்று செய்தி அனுப்பினீர்கள். துப்பாக்கி ரவை கேட்டுக் கிளப் நண்பருக்கு அனுப்ப வேண்டியது கை தவறி மகளுக்குப் போய்விட்டது. இங்கே பிறந்த பிள்ளைக்கு ரவை என்றால் ஒன்றுதானே தெரியும்? அம்மாவின் பிறந்தநாளுக்கு அப்பா ஏதோ இரகசியமாகச் செய்யப்போகிறார் என்று நினைத்து இரண்டு பெரிய பைகளைச் சுமந்து வந்தாள். "பப்பா, பெரிசா சின்னனா எண்டு தெரியேல்லை, ரெண்டையும் வாங்கினன்." நீங்கள் பெட்டிக்கு முன்னால் நின்றபடி முழித்த முழி! அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. அன்றைக்கு எல்லோரும் கேசரி சாப்பிட்டோம். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு விட்டுவிடுவீர்கள் என்று நான் மடைத்தனமாக நம்பினேன்.

இரண்டாம் தடவை வந்தவன் ஒருவன்தான். கையில் கத்தி இருந்தது, நான் கல்லாவடியில் நின்று பார்த்தேன். கல்லாவைத் திறந்தேன். எடுத்துக்கொண்டு போயிருப்பான். நீங்கள் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்து கதவை மறித்தீர்கள். அசையாதே என்று அவன் பிரெஞ்சில் கத்தினான். உங்கள் வலது கை ஜாக்கெட்டுக்குள் இடுப்புக்குப் போனது. கிளப்பில் பழகிய கை. அங்கே ஒன்றும் இல்லை, அது சார்செலில் பூட்டிக் கிடந்தது. அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. பயந்துபோய்க் கத்தியை உங்கள் நெஞ்சில் இறக்கினான்.

செத்தவீட்டில் ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கையிலை ஒண்டு இருந்திருந்தால் மனுசன் தப்பியிருப்பார்." உங்கள் கிளப் நண்பர் அங்கேயும் நின்று ஒன்பதா, நாற்பத்தைந்தா என்று ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். அக்கா தடுக்கவில்லை. இல்லாத துப்பாக்கிதான் உங்களைக் கொன்றது, இதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. பெரிசு, சின்னன் என்று அவ்வளவு அளந்தீர்களே! கடைசியில் உங்களுக்கு ஒரு ரவையும் தேவைப்படவில்லை.

அந்தப் பெட்டியை அக்கா பொலிசிடம் ஒப்படைத்துவிட்டா. ஆரணி இப்போது கேசரி சாப்பிடுவதில்லை.

அந்த அம்மா சின்னதை எடுத்துக்கொண்டு போனார். நான் ரவை மாவு ஒட்டிய கையைத் துடைக்க இடுப்புப் பக்கம் கொண்டுபோனேன், பாதியில் கை நின்றுவிட்டது. இப்போதெல்லாம் அப்படித்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டால், வருகிறவருக்குத் தெரியும்படி, மாவோடு இரண்டு கையையும் மேசைமேல் எடுத்து வைத்துவிடுகிறேன்.