லிவர் மேலேதான் இருந்தது

1931 ஜூலை 6, திங்கள்

டாக்டர் சந்திரமௌலி ஒரு மோட்டார் வண்டியை என் ரிப்பேர் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். பந்தயம் ஓட்டிய ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது விற்றதாம். எஞ்சின் ஹெட்டை இழைத்து மெலிதாக்கி, பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறியை மிகவும் முந்த வைத்திருக்கிறான். மைதானத்தில் பறக்கும். லஸ் கடைத்தெருவில் ஜட்காவுக்குப் பின்னால் ஊர்ந்தால் எஞ்சின் கடகடவென்று தட்டுகிறது, தண்ணீர் கொதிக்கிறது. "எனக்குப் பறக்க வேண்டாம் ரஹ்மான். பத்து வீட்டு வாசல்ல நின்னு நின்னு கிளம்பணும், அவ்வளவுதான்" என்றார். நோயாளி பார்க்கப் போகிறவர் வாங்குகிற வண்டியா இது!

ஜூலை 8, புதன்

பொறி தருகிற மேக்னெட்டோவைத் திருப்பிப் பொறியைத் தாமதமாக்கினேன். ஸ்டியரிங்கில் பொறியை முந்தவும் பிந்தவும் வைக்கிற லிவரிலிருந்து மேக்னெட்டோவுக்குப் போகிற கம்பி தேய்ந்திருந்தது. புதிது வெட்டிப் போட்டேன். லிவரை நடுவில் வைத்து, முன்னால் இருக்கிற கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன், கிளம்பிவிட்டது. லிவரை அசைக்காமலே அடையாறு வரை போய் வந்தேன். தட்டவே இல்லை. இந்த ஊரில் வேறு எவன் இதைச் செய்வான் என்று எனக்கே ஒரு மிதப்பு. சாயங்காலம் டாக்டரின் டிரைவர் அம்மாசி வந்து, நான் கிளப்பிக் கொடுத்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

ஜூலை 9

அம்மாசிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. காலையில் கைப்பிடியைச் சுற்றும்போது எஞ்சின் திருப்பி உதைத்திருக்கிறது. லிவர் கீழே இருந்து பொறி முந்தினால் அப்படித்தான் உதைக்கும். சுற்றும் முன் அதை மேலே தள்ள வேண்டும்; டிரைவருக்கு முதல் பாடமே அதுதான். பார்க்கப் போனேன். "லிவரு மேலதான் இருந்துச்சு பாய். நானே தள்ளினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஜூலை 11

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். மூடியைத் திறந்தேன். யா அல்லா — கம்பி தப்புப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மேக்னெட்டோ எதிர்ப்பக்கம் சுற்றுகிற ரகம். நானோ இருபது வருஷமாக மாட்டுகிற பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். பழைய கம்பி எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லையே. லிவரை மேலே தள்ளினால் இதில் பொறி முந்தும். அம்மாசி சரியாகத்தான் தள்ளினான்.

கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டேன். பிறகு டாக்டர் வந்தார். தானே லிவரை மேலே தள்ளி, என்னைச் சுற்றச் சொன்னார். சாதுவாகக் கிளம்பியது. "அப்போ அவன்தான் அஜாக்கிரதையா இருந்திருக்கான்" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என்ன மனுஷன் நான்?

ஜூலை 12

நாளைக்குச் சொல்லிவிடலாம்.

ஜூலை 18

சொல்லவில்லை. அம்மாசியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் மயிலாப்பூரில் எவன் என்னிடம் வண்டி விடுவான் — புத்தி இதையே சுற்றிச் சுற்றி வருகிறது. வீட்டில் என் மனைவி அஸ்மத்துன்னிசா, "இன்னிக்கும் சோறு அப்படியே கீதே, உடம்புக்கு இன்னா?" என்கிறாள். இவளிடம் என்னவென்று சொல்வது?

ஆகஸ்ட் 20

தாங்க முடியவில்லை. அபிராமபுரம் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார். "நான்தானே தள்ளிப் பார்த்தேன், சரியா இருந்துதே? அவன் பொழைப்பு போயிடுத்தேன்னு பழியை உம்ம தலையில போட்டுக்கறீர். இந்த மனசு யாருக்கு வரும், ரஹ்மான்!" ஆணையிட்டுச் சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம்" என்று தோளைத் தட்டினார். காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? நானே மாத்திட்டேனே. பாவி, என் கையாலயே மாத்திட்டேனே!

நான் வெளியே வரும்போது புது டிரைவர் வண்டியைக் கிளப்பினான். ஒரே சுற்று.

ஆகஸ்ட் 22

பட்டினப்பாக்கம் போய் அம்மாசியிடமும் சொன்னேன். கட்டு அவிழ்த்தாகிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டராண்ட சொன்னியா?"

"சொன்னேன். நம்பலே."

"மாத்தறதுக்கு மின்னாடி என்னை ஒரு தபா இட்டாந்து காட்டியிருக்கலாமே பாய். நான்தான் தப்பா தள்ளிட்டேனோன்னு இத்தினி நாளா எனக்கே சந்தேகமாப் பூடுச்சு."

நான் எழுந்தபோது வழக்கம்போல் சலாம் வைத்தான். இடது கையால்.