கரண்டி விழுந்த சத்தம்

8, சனி

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரத்துக்கு லீவு. அதனால் அம்மாவின் பால்வெட்டுக்கு லீவு, அன்றைய சம்பளத்துக்கும் லீவு. எனக்கு மட்டும் லீவு இல்லை: பாத்திரம், தண்ணீர், கணக்குப் பாடம். மூன்றாவதை நாளைக்குப் பார்க்கலாம். (நேற்றும் இதையே எழுதினேன்.)

மாலை டிவியில் ‘பரிமளம் பேசுறேன்’ வரவேண்டும். வரவில்லை. கிரிக்கெட் போட்டுவிட்டார்கள். நஷ்டமில்லை.

‘ஏழாம் நம்பர் வீடு’ (இனி ஏ.ந.வீ., கை வலிக்கிறது) எங்கள் லயத்தின் வரிசை வீடுகள் எல்லாம் கூடிப் பார்த்த சிரிப்பு நாடகம். அதில் பரிமளம் சமையல்காரி. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று முதலாளியம்மா பேசுவதை ஒட்டுக் கேட்பாள். அவளைப் பற்றி முதலாளியம்மா பொய் சொன்னதும் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே போடுவாள். டங்! முதலாளியம்மா முகம் சுருங்கும். வாராவாரம் அதே டங். வாராவாரம் நாங்கள் உருண்டோம்.

அது முடிந்துவிட்டது. இப்போது பரிமளத்தை மட்டும் பிய்த்தெடுத்துத் தனி நாடகம். கொழும்பில் தனியாகச் சாப்பாட்டுக் கடை போடுகிறாள். கதவு இல்லை. கரண்டி இல்லை. நாங்கள் சிரிக்கமாட்டோம் என்று தெரிந்து சிரிப்பையும் அவர்களே ஒட்டி அனுப்புகிறார்கள்.

அக்கா இருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். எங்கள் வீட்டுப் பரிமளம் அவள்தான். கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அன்று அம்மாவின் பெரிய கரண்டியைப் பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். "நான் இல்லாம நீங்க எப்புடிச் சிரிக்கிறீங்கன்னு பாப்போம்" என்றாள். பருப்பை இன்னும் அகப்பையால்தான் கிண்டுகிறோம்.

9, ஞாயிறு

மழை. கூரையில் புது ஓட்டை. கீழே சட்டி.

அக்காவின் கோல். வழக்கம்போல் நோனாவின் போனிலிருந்து. அவள் வேலை செய்யும் வீட்டு அம்மாதான் நோனா. அக்காவின் போன் பழுதாம். இரண்டு மாதமாகப் பழுதாம்.

"சாப்பிட்டியாம்மா?" அம்மா.

"சாப்பிட்டேன்மா. நல்லா இருக்கேன்மா."

நான் போனைப் பிடுங்கினேன். "க்கா, பரிமளம் பாத்தியா? என்னா கண்றாவிக்கா அது!"

"பாத்தேன். குசினி டிவியில. நேத்தும் பாத்தேன். நல்லா இருந்திச்சு."

"நேத்தா?"

"ம். நேத்து. சரியான சிரிப்பு." பிறகு சிரித்தாள். நான் ஒன்றும் சொல்லாத இடத்தில். அந்த நாடகத்தில் ஒட்டுகிறார்களே, அதே சிரிப்பு.

கட்.

"நேத்து கிரிக்கெட்டுல்லம்மா?"

"மறந்திருப்பா. வேலக் களைப்பு."

எந்த நாள் என்பதை மறக்கலாம். ஆனால் ‘நல்லா இருந்திச்சு’? பரிமளத்தின் சேலை பொருந்தவில்லை என்று டிவியோடு சண்டை பிடித்தவள் அவள். என்னை ஒரு தடவைகூட ‘வாலு’ என்று கூப்பிடவும் இல்லை.

11, செவ்வாய்

ஸ்கூல். சொக்ஸுக்குள் அட்டை. இரத்ததானம் செய்தேன், பிஸ்கட் தரவில்லை.

இடைவேளையில் ஷர்மியோடு சண்டை. அவள் அப்பாவுக்குக் கஹவத்தை டவுனில் போன் கடை. அதனால் எதிலும் அவளுக்குப் புது மொடல்தான் பிடிக்கும்.

"புதுசுதான்டி நல்லம். பழசுல அவ வேலக்காரி. இதுல மொதலாளி. முன்னேற வேணாமா?"

"முன்னேறட்டும். சிரிப்பு வருதா?"

"பழசோட ஒப்பிட்டா எதுவும் வராது. கொஞ்சம் டைம் குடு."

"டைம் இல்லடி பிரச்சினை. அவளுக்கு எதிர்ல ஆள் வேணும். அவ கரண்டியப் போட்டா பதறுறதுக்கு ஒரு வீடு வேணும். தனியா நின்னு என்னா கத்துனாலும் யாருக்குக் கேக்கும்?"

ஷர்மி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வெற்றி. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. கடைசியாக நான் சொன்னது நாடகத்தைப் பற்றியது மாதிரி இல்லை.

12, புதன்

மழை விட்டது. வெயில் இல்லை.

ஸ்கூல் விட்டதும் ஷர்மியின் போனில் நோனாவுக்கு கோல் எடுத்தேன். டிஷ் கம்பெனி மாத்தயா (ஐயா) மாதிரி மூக்குக் குரலில் பேசினேன். அக்காவையே ஒரு முறை அந்தக் குரலில் ஏமாற்றி, மழையில் கூரை ஏறி டிஷ்ஷைத் திருப்ப வைத்திருக்கிறேன். அவளிடம் வாங்கிய அடி இன்னும் ஞாபகம்.

சிங்களத்தில் பணிவாகக் கேட்டேன்: நோனா, படம் தெளிவா? குசினி டிவி நன்றாக வேலை செய்கிறதா?

குசினியில் டிவியே இல்லை என்றார்.

ஷர்மி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் நிறுத்தியிருக்கலாம். வாய் விடவில்லை. வேலைக்கு இருக்கும் பிள்ளை பார்க்கிறதே, அந்த டிவி?

"மெஹே வெடகாரியக் நே."

இங்கே வேலைக்காரி யாரும் இல்லை. சாதாரணமாக, உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. என் மூக்குக் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது.

அப்போது, தூரத்தில், டங்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி டங்.

கட்.

ஷர்மி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

13, வியாழன்

வீட்டில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. என் மேல் தப்பு இல்லை என்று எழுத ஆசை. போன போயாவுக்கு, பௌர்ணமி லீவு நாளில், கங்காணி குரலில் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்குக்கு, கூப்பிட்டு அப்பாவையும் பாதி லயத்தையும் ஓட வைத்தவள் நான்.

"கரண்டி விழுந்திச்சாம்! எந்த வீட்டுலதான் விழல?" அப்பா. "நோனாவுக்குப் போன் போட்டுச் சேட்ட பண்ணிருக்க. அக்கா வேலைக்கு ஒல வைக்கப் போறியா?"

"வேலைக்காரியே இல்லேன்னு சொன்னாங்கப்பா. அப்ப ஞாயித்துக்கிழம பேசினது யாரு?"

அப்பா போனைத் தேடினார். அக்காவைக் கூட்டிப்போன தரகருக்கு கோல் எடுத்தார். "தங்கமான எடம், பயப்படாதீங்க" என்றாராம். எந்தத் தெரு என்று கேட்டதும் சிக்னல் போய்விட்டதாம்.

அம்மா நோனாவின் நம்பரை எடுத்தாள். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். ஓஃப்.

அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ரெண்டு தரமாடி விழுந்திச்சு?"

"ரெண்டு தரம்மா."

"ஒரு தரம்னா கை தவறியிருக்கும்" என்றாள். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

15, சனி

மழை திரும்ப வந்துவிட்டது.

அப்பாவும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் முதல் பஸ்ஸில் கொழும்பு. தலைவர் நல்ல சிங்களம் பேசுவார், பொலிஸில் பயப்படாமல் உட்காருவார். என்னைக் கூட்டிப்போகவில்லை. வாசலில் அப்பா சொன்னது: "திரும்பி வந்து நீ வெளையாடினேன்னு தெரிஞ்சிச்சு..." முடிக்கவில்லை. நான் விளையாடியதாகவே இருக்கட்டும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் அதே ஆசை.

பின்னேரம் அப்பாவின் கோல். தரகர் வீட்டில் இல்லை. அவர் மனைவியிடம் விலாசத்தை வாங்கிப் போயிருக்கிறார்கள். கேட் வெளியில் பூட்டியிருக்கிறது. உள்ளே லைட் எரிகிறது. பொலிஸுக்குப் போகிறார்கள்.

"தட்டுனீங்களாப்பா?"

"தட்டினோம்மா."

"சத்தம் ஏதும் கேட்டிச்சா?"

"மழ பெய்யுது" என்றார்.

அதற்குப் பிறகு கோல் இல்லை. அம்மா டிவியைப் போடச் சொன்னாள். வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். ‘பரிமளம் பேசுறேன்.’ பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பழைய கரண்டி விளையாட்டை மீண்டும் கொண்டுவந்திருக்கிறார்களாம். கடைக்குள் குசினி. குசினிக்குக் கதவு. கதவுக்குப் பின்னால் பரிமளம்.

வாடகை கேட்டு வந்தவரிடம் கடையில் புதிதாகச் சேர்ந்த பங்குக்காரி பொய் சொன்னாள், பரிமளமா, அப்படி ஆள் யாரும் இங்கே இல்லை என்று.

டங்.

டிவிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.