உப்புப் பார்க்காத கிச்சுரி

அக்டோபர் 1

நைவேத்தியத்துக்கு வழக்கமாக வரும் சமையல்காரருக்கு டெங்கு. துர்கா பூஜையின் அஷ்டமி மதியம் தெரு முழுக்கப் பந்தலில் உட்கார்ந்து, அரிசியும் பருப்பும் குழைய வெந்த கிச்சுரி சாப்பிடும். கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தபோது எனக்கு அண்ணியான பௌதி, "நான் கிளறுறேன்," என்றாள்.

அண்ணன் அவளை மணந்து கூட்டிவந்து இரண்டு வருடம். வேறு சாதி. அம்மனுக்குச் சமைக்கத் தேவையான தீட்சையைக் கல்யாணத்துக்குப் பிறகு குருவிடம் வாங்கிக்கொண்டாள்; ஆனாலும் பூஜையில் பூத்தொடுக்கக்கூட யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

தெருவுக்கே அத்தையான நிபா பிஷி விடவில்லை. "தீட்சை வாங்கிட்டா கை மாறிடுமா? மீன் வித்த வீட்டுக் கைதானே."

"அதனாலதான் பிஷி, கூட்டத்தைப் பார்த்தா எனக்குப் பயமில்ல."

பயமெல்லாம் எனக்குத்தான். உதவிக்கு நான்.

அக்டோபர் 3

நாவலில் ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அம்மனுக்குப் படைக்கும்வரை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பேசாமல் சமைக்க வேண்டும். ருசி பார்க்கக் கூடாது. வீட்டு ஆட்களுக்குச் சமைக்கும்போதே நான் உப்புப் பார்த்துக்கொண்டே இருப்பவள்.

"சரியா வரலன்னா, பௌதி?"

"வரலன்னா என் கையைச் சொல்லுவாங்க. உன் பேரு அடிபடாது, கவலப்படாத."

அதுதானே கவலை!

அக்டோபர் 5, சப்தமி

பாசிப்பருப்பை வறுத்து வைத்தாயிற்று. மழை வந்தால் அடுப்பு என்ன ஆகும்?

அக்டோபர் 6, அஷ்டமி

சேலை மாற்ற வீட்டுக்கு வந்தேன். அங்கே அம்மனுக்குத் திரை போட்டுப் படைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன், அடுப்படியில் உப்பு ஜாடி நிறைய இருக்கிறது. வாய்வரைக்கும்.

பௌதி காய்க் கடாயைப் பார்க்கப் போனபோது அண்டாவிடம் நின்றவள் நான். அவள் போட்டுவிட்டுப் போனாள் என்று நான் நினைத்தேன். நான் போட்டிருப்பேன் என்று அவள் — கேட்டிருக்கலாமே! எப்படிக் கேட்பது, வாயில் துணி. அரிசி, பருப்பு, இஞ்சி, நெய், எல்லாம் இருக்கிறது. உப்பு மட்டும் இல்லை.

அதே நாள், மாலை

திரை விலகியதும் ஒரு துளி வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. பௌதியின் காதில் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இப்போ கலந்துடலாமா?" என்று கேட்டேன்.

"அம்மன் சாப்பிட்டாச்சு. இனி அதுல உப்பைக் கொட்டினா, அவங்களுக்குக் கொடுத்தது சரியில்லன்னு ஆகிடாதா? விடு. என்னைத்தானே சொல்லப் போறாங்க."

பந்தி நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் நிபா பிஷி, காலையிலிருந்து பட்டினி. ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். நிமிர்ந்து பௌதியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பிஷியின் வாயைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னடா பரிமாறுறீங்க? இலையில உப்பும் எலுமிச்சையும் எங்கடா? இதுக்கும் நானே எந்திரிக்கணுமா?"

எழுந்தேவிட்டாள். பந்தியில் பாதியில் எழுந்தால் மறுபடி உட்காரக் கூடாது, அது அவளே எல்லோரையும் அதட்டும் விதி. கையைக் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தாள். அந்த ஜாடியைத் தூக்கினாள். ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள்.

"நல்லாப் பிசைஞ்சு சாப்பிடு. உனக்கு ரத்தக்கொதிப்பு, கொஞ்சமாப் போட்டுக்கோ. ஏண்டி, சும்மா நிக்காம எலுமிச்சை கொண்டா!"

எலுமிச்சையோடு பின்னால் ஓடினேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். உப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை.

கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு பிஷி தன் இலையைக் கையில் ஏந்தி ஓரமாக நின்றாள். ஆறிப்போன அந்தக் கிச்சுரியை உப்புத் தொடாமலே சாப்பிட்டு முடித்தாள்.

அக்டோபர் 12

நிபா பிஷி வாசலில் நின்றே பேசினாள். "நாளைக்கு எங்க வீட்ல லக்ஷ்மி பூஜை. நைவேத்தியம் நீதான் பண்ணணும். விடியறப்பவே வந்துடு."

பௌதி தலையசைத்தாள்.

பிஷி என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் வாடி. அண்டாவைத் தொட வேண்டாம். ஜாடிகிட்ட நில்லு, போதும்."