கார் இருக்கையில் விழுந்தால் விஷம், தங்கை தலையில் விழுந்தால் தூசு

அனுப்புநர்:
பேட்டரி உடைப்பவரின் மகன்,
பதினோராம் வகுப்பு மாணவன்,
பட்டறைக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்.

பொருள்: என் தங்கையின் இரத்தத்தில் ஈயம் ஏறக் காரணமான பட்டறை முதலாளி மீது நடவடிக்கை கோருதல், அவர் என்மீது கொடுத்த புகாரை முழுமனதுடன் ஒப்புக்கொள்ளுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் என் அப்பா ஒன்பது ஆண்டுகளாகச் சுத்தியல் பிடிக்கிறார். அங்கே குளிக்கவோ உடை மாற்றவோ இடமில்லை. ஒரு சோப்புக்கட்டிகூட ஈயாத முதலாளி, ஈயத்தை மட்டும் வாரி ஈந்து வீட்டுக்கு அனுப்புகிறார்.

2. அம்மாவுக்குத் துவைக்கும் வேலை குறையட்டும் என்று அப்பா தினமும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறுவார். மூன்று வயதுத் தங்கை அந்தச் சாம்பல் தூசுக்குக் கீழே நின்று குதிப்பாள். "மழை, மழை" என்று கத்தச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை.

3. நான்கு மாதங்களாக அவளுக்கு வயிற்றுவலி, சோறு இறங்கவில்லை. தெரிந்த சொற்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. "அண்ணா" போய்விட்டது, இப்போது விரலை மட்டும் நீட்டுகிறாள். இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு நாற்பத்தொரு மைக்ரோகிராம் என்று பரிசோதனை சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும், வீட்டுக்குத் தூசு வருவது நிற்காவிட்டால் மருந்தால் பயனில்லை என்றும் மருத்துவர் கூறினார்.

4. அப்பா குளியலறை கேட்டார். "அது வெறும் தூசுப்பா. ஒரு டம்ளர் பால் குடி, இறங்கிடும்" என்றார் முதலாளி. பால் குடித்தால் இறங்கும் என்பதை அவரிடமே சோதித்துப் பார்க்க விரும்பினேன்.

5. எனவே சென்ற திங்கட்கிழமை, பட்டறை வாசலில் பூட்டாமல் நின்ற அவரது புதிய காருக்குள், அவர் பார்க்கவே, அப்பாவின் சட்டையை ஒரே ஒரு முறை உதறினேன். ஐயா, அவர் பால் குடிக்கவில்லை. நேராக இரத்தப் பரிசோதனைக்கு ஓடினார். மாலைக்குள் இருக்கைகளையே மாற்றிவிட்டார். என் தங்கைக்கு மாற்று எங்கே கிடைக்கும்?

6. மறுநாள் காவல் நிலையத்தில் என்மீது புகார் கொடுத்தார். "உயிருக்கு ஆபத்தான ஈயத்தூசை என் காரில் கொட்டினான்" என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறார். நகல் இணைத்துள்ளேன். ஒன்பது ஆண்டுகளில் அவர் எழுதிய முதல் உண்மை இதுவாகத்தான் இருக்கும்.

7. குளியலறையும் உடைமாற்றும் அறையும் கட்டி முடிக்கும்வரை பட்டறைக்குப் பூட்டுப் போட வேண்டும். தொழிலாளர்களின் பிள்ளைகள் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் அவர் செலவில் நடக்க வேண்டும். அவர் கூண்டில் நிற்க வேண்டும். பக்கத்துக் கூண்டில் நான் நிற்கத் தயார். அவர் முகத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

8. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக நேற்று ஆள் அனுப்பினார். அந்தக் கையொப்பம் யாருக்கு எதிரான சாட்சி என்று யாரோ அவருக்கு விளக்கியிருக்கிறார்கள் போலும். கடிதம் தர மாட்டேன். தாங்களும் தயவுசெய்து அந்தப் புகாரை அவர் திரும்பப் பெற விடாதீர்கள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி,

குற்றம் சாட்டப்பட்டவன்,
(ஒப்பம்)
பேட்டரி உடைப்பவரின் மகன்

இடம்: பட்டறைக்குப் பின்தெரு
நாள்: மார்ச் 14
இணைப்பு: தங்கையின் இரத்தப் பரிசோதனை அறிக்கை; முதலாளியின் புகார் நகல்; உதறாத சட்டை ஒன்று (உறையைப் பிரிக்க வேண்டாம்)