கயிறில்லாமல் வண்டி கிளம்பாது

இரண்டு முறை சோப்புப் போட்டும் புதுத் தார்ப்பாயின் வாசனை என் கையை விட்டுப் போகவில்லை. மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்தாற்போல ஒரு நெடி. சாந்த்ராகாச்சி கிடங்கில் பகல் முழுக்க மூட்டை பிரித்துவிட்டு இப்போதுதான் டாக்குரியாவில் வீட்டுக்கு வந்தேன். மலையில் போன வாரம் மறுபடியும் நிலம் நடுங்கியிருக்கிறது. நீ போன பிறகு வந்த முதல் நடுக்கம் இது. உன்னிடம் சொல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. இந்த வாரத் தொடக்கத்தில் ஒரு லாரி நிறையத் தார்ப்பாய் ஏற்றி முடித்தோம். மலையில், ஆற்றுக்கு மேலே இருக்கிற கிராமத்துக்கு. வீடு விழுந்தவர்கள் அங்கே வெட்டவெளியில் படுத்திருக்கிறார்கள், குழந்தை குட்டிகளோடு. வாரக் கடைசியில் பெருமழை என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மழைக்கு முன்னால் தார்ப்பாய் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் வேலை. வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் நம் நிவாரண அமைப்பின் செயலாளர் வந்தார். வண்டி சனிக்கிழமை வரை நிற்கட்டும் என்றார். ஒரு பெரிய மனிதர் வந்து கொடியசைக்கிறாராம். லாரியின் முகப்பில் கட்ட பேனர் கொண்டுவந்திருந்தார். அதில் உன் படம், உன் நினைவாகச் செல்லும் முதல் வண்டி என்று கீழே எழுத்து. உன் பெயரைச் சொல்லியே ஒரு நிவாரண வண்டியை நிறுத்துகிறார்கள். இதற்கு நீ என்ன வார்த்தை சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை எழுத்தில் எழுத முடியாது.

நான் பேனரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எங்கிருந்து பிடித்தார்களோ அந்தப் படத்தை. வேலை நேரத்தில் உன் பல்லை நான் பார்த்ததே இல்லை.

நம் முதல் பூகம்பம் நினைவிருக்கிறதா? திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு, சால்ட் லேக்கில் வேலை கிடைத்து வந்து, உன் வீட்டு மாடியில் நான் குடியேறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் கணினித் திரை ஆடியது. அங்கே இருந்தவர்களெல்லாம் அடித்துப் பிடித்துப் படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். எங்கோ குடியிருப்புகளில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. பூமி ஆடினால் இந்த ஊர்ப் பெண்கள் சங்கு எடுத்து ஊதுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உன் போன் வந்தது.

"அங்கயும் ஆடித்தா? கீழ எறங்கிட்டியோல்லியோ?"

"எறங்கிட்டேன்ட்டி. கையெல்லாம் நடுங்குது."

"நடுங்கட்டும். இங்கயே இவ்ளோ ஆடித்துன்னா மலையில என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சியா? லீவு சொல்லிட்டு நேரா சாந்த்ராகாச்சி வா. ஆள் வேணும்."

ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கிற குடும்பம் உன்னுடையது. உன் தமிழில் பாதி தஞ்சாவூர், பாதி டாக்குரியா. கோபம் வந்தால் அதில் முக்கால்வாசி வங்காளம் ஆகிவிடும். நீ திட்டுவது புரிய வேண்டும் என்பதற்காகவே நான் வங்காளம் கற்றுக்கொண்டேன்.

ரயில்வே யார்டை ஒட்டிய அந்தக் கிடங்கில் நுழைந்தபோது பழந்துணி மலையாகக் கிடந்தது. நகரமே அலமாரியைக் காலி செய்து அனுப்பியிருந்தது போலிருந்தது. பொத்தான் போன சட்டை, நாடா உருவிய பாவாடை, ஜிகினா வைத்த பார்ட்டி கவுன். ஒரு பௌதி, இந்த ஊர் வழக்கில் அண்ணி, காரில் வந்து இறங்கி, இரண்டு பை நிறைய ஜாக்கெட் கொடுத்தார். நீ ஒன்றை எடுத்து விரித்தாய். அக்குள் கிழிந்திருந்தது. "பௌதி, இதை நீங்க போட்டுப்பீங்களா?" என்று வங்காளத்தில் கேட்டாய். அவர் முகம் சிவந்துபோய், கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு இது போதாதா என்றார். "வீடுதான் விழுந்தது பௌதி, மானம் விழலை" என்று பையைக் காரிலேயே திருப்பி வைத்தாய்.

நம்மவர்களும் உன்னிடம் தப்பவில்லை. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஆசை ஆசையாய் அரிசி மூட்டையும், வீட்டில் இடித்த புளியோதரைப் பொடியும் அனுப்பியிருந்தார்கள். பொடி வாசனை கிடங்கையே தூக்கியது. எனக்கு அங்கேயே பசித்தது. நீ என்னைத்தான் முறைத்தாய்.

"அடுப்பு இடிஞ்சு கெடக்கு, வெறகு நனைஞ்சு கெடக்கு. அரிசி எதுல வேகும்? அவலா அனுப்பச் சொல்லு. தண்ணி தெளிச்சாப் போதும், சாப்டலாம். புளியோதரையை நீயே தின்னுக்கோ."

தின்றேன். நன்றாகவே இருந்தது.

ஆனால் அன்று எல்லோரும் உன்மேல் கொதித்தது வேறு காரணத்துக்காக. ஒரு நிறுவனம் நல்ல கனமான தார்ப்பாய் ஒரு லாரி அனுப்பியிருந்தது. நீ ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கயிறு எங்க?" என்றாய். கயிறு இல்லை. யாரும் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கயிறு வரும்வரை வண்டி போகாது என்று சொல்லிவிட்டாய். செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். மலையில் ஜனங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது கயிற்றுக்காக வண்டியை நிறுத்துகிற பொம்பளையை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று என்னிடமே கேட்டார். எனக்கும் அப்போது நீ வீம்பு பிடிப்பதாகத்தான் தோன்றியது. ஹவ்ராவில் கடை கடையாக ஏறி நைலான் கயிறு வாங்கி, நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து துண்டு போட்டு, ஒவ்வொரு தார்ப்பாய்க்குள்ளும் ஒரு சுருள் வைத்துச் சுருட்டினோம். கை எரிந்தது. சாயங்காலம் வண்டி போயிற்று.

மலைக்குப் போனபோதுதான் விளங்கியது. சாலையோரக் கிராமத்தில் வேறு யாரோ கொடுத்த நீலத் தார்ப்பாய்கள், மேலே கல் வைத்திருந்ததையும் மீறிக் காற்றில் பறந்து பள்ளத்தாக்கில் மரங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டக் கயிறு இல்லை. சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். நீ அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் சொன்னேனே என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மாயாவை அங்கேதான் சந்தித்தோம். ஆற்றுக்கு மேலே இருந்த கிராமத்துக்காரி. வீடும் மாட்டுக்கொட்டிலும் போய், சரிந்த பாதையில் நடந்தே இறங்கி வந்திருந்தாள். கீழே உள்ளவர்களுக்கே மூன்று நான்கு அமைப்புகள் மாறி மாறிக் கொடுத்துவிட்டுப் போகின்றன, மேலே ஒருவரும் ஏறி வரவில்லை என்றாள். அன்று எல்லா அமைப்புகளையும் கூட்டிவைத்து யார் எங்கே போவது என்று பிரித்துக்கொள்ளும் கூட்டம், அரசு அலுவலகத்து முற்றத்தில் நடந்தது. மேலே வண்டி போகாது, அதனால் பாதை சரியாகும் வரை அந்தக் கிராமங்களை விட்டுவிடலாம் என்று பேச்சு போயிற்று. நீ மாயாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, உன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நின்றாய்.

"ரோடு முடியற எடத்துல ஜனங்களும் முடிஞ்சுடறாளா?" என்று என்னிடம் தமிழில் முனகினாய். பிறகு அதையே இந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய். மேல் கிராமத்தை நம் அமைப்பின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் மாயாவின் ஊர்க்காரர்களே சுமைக்கயிற்றின் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமையை முதுகில் தூக்கிக்கொண்டு ஏற, நாம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினோம். மேலே போனதும் நீ மூட்டைகளை ஒரு மரத்தடியில் இறக்கச் சொன்னாய். யாருக்கு எது என்று மாயாவும் ஊர்ப் பெண்களும் பிரித்துக்கொண்டார்கள். வாங்குகிறவர்கள் கூசக் கூடாதென்று, உன் வழக்கப்படி நாம் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றோம். செயலாளர் அனுப்பியிருந்த போட்டோக்காரர், கொடுக்கிற கை ஒன்றாவது வேண்டும் என்று கெஞ்சினார். "ஆறு நன்னாயிருக்கு, அதை எடுத்துக்கோங்கோ" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னை மலைக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். நன்கொடையாளர்கள் மனம் புண்படுகிறதாம். உனக்கு நிதானம் போதாது என்று கூட்டத்தில் சொன்னார்கள். கிடங்கிலேயே உட்கார்த்தி வைத்தார்கள். நீ கிடங்கையும் விட்டுவைக்கவில்லை, வந்த பழந்துணியை எல்லாம் வந்த வழியே அனுப்பினாய். பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒருநாள், "ஏன்ட்டி எல்லாத்துக்கும் சண்டை போடுத? கொஞ்சம் அமைதியா இரேன்" என்று நான் சொன்னேன். "அமைதியா இருக்கறதுக்குத்தான் போகப்போறேனே" என்றாய். நான் அழுதேன். நீ கோபித்துக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிப் படுத்தாய்.

நீ போன பிறகு உன் இடத்தில் என்னை வைத்தார்கள். சால்ட் லேக் வேலையை விட்டுவிட்டு வந்தேன். பார்க்க நான் சாதுவாகத் தெரிந்திருப்பேன். அவர்கள் கணக்கு அங்கேதான் தப்பியது.

இந்த வார வண்டிக்கு வருகிறேன். பேனரைக் கட்டிவிட்டு செயலாளர் வீட்டுக்குப் போனார். அவருடைய கார் தெரு முனை திரும்பும் வரை பொறுத்தேன். பிறகு ஓட்டுநர் அண்ணனிடம் போய், "தாதா, இதை அவுத்துருங்க" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், உன் படத்தையும் பார்த்தார். முதல் பூகம்பத்தில் கயிற்றுக்காகக் காத்திருந்த அதே ஓட்டுநர்தான். அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். வண்டி அன்று மத்தியானமே போய்விட்டது.

செயலாளர் போனில் கத்தினார். இறந்தவரை அவமானப்படுத்திவிட்டீர்கள், அவர் படத்தைக் கழற்ற உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்றார். "அவங்க இருந்திருந்தா கிழிச்சே போட்டிருப்பாங்க சார், நான் சுருட்டித்தான் வெச்சிருக்கேன்" என்றேன். அடுத்த கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசுவார்களாம். பேசட்டும். நானும் பேச வைத்திருக்கிறேன்.

ஆனாலும் விழாவை அவர் விடவில்லை. இன்று காலை கொடியசைப்பதற்கென்றே ஒரு லாரியை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே ஒன்றும் இல்லை. உன் படத்துக்கு மாலை போட்டார்கள். நீ பொறுமையின் வடிவம் என்று ஒருவர் பேசினார். அதிர்ந்து ஒரு சொல் சொல்லாதவர் என்று இன்னொருவர் பேசினார். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியாக உன் ஆன்மா சாந்தியடைய எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

அந்த மௌனத்தில் என் போன் அடித்தது. மாயா. செயலாளர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். நான் எடுத்தேன். எடுத்ததோடு நிற்காமல் ஸ்பீக்கரிலும் போட்டேன். முதலில் மாயாவின் குரல் கேட்கவில்லை. படபடவென்று ஒரே சத்தம், கிடங்குத் தகரக் கூரை வரை போய் மோதியது. மழை.

"தீதி, கேக்குதா? காலைல பிடிச்சது, கொட்டுது. தார்ப்பாய் எல்லாருக்கும் கட்டியாச்சு. புள்ளைங்க உள்ள தூங்குதுங்க."

அவள் இந்தியில் சொன்னதைக் கிடங்கில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கொடியோடு நின்றிருந்த பெரிய மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் போனை வைத்துவிட்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போனேன்.

இன்று அங்கே நின்ற அத்தனை பேரும் உனக்குச் சாந்தி கேட்டார்கள். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். உன் கோபம் என்னிடம் இருக்கிறது, அது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய எனக்குத் தெரியாது. நீயும் எங்கே இருக்கிறாயோ அங்கே சும்மா இருக்காதே. யாராவது வரிசையைத் தாண்டி வந்தால் சண்டை போடு.